உரித்த ஆட்டுத் தோல் எத்தனை மணி நேரம் தாங்கும்?

பக்ரீத் முடிந்த கையோடு கடந்த சில ஆண்டுகளாக ஒரு செய்தி வருகிறது. குர்பானி ஆடுகளின் தோலை வாங்க ஆள் இல்லை, மதரஸாக்களுக்குத் தானமாக வந்த தோல் அடிமாட்டு விலைக்குக்கூடப் போகவில்லை, சில ஊர்களில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். இன்னொரு செய்தி ஆண்டு முழுக்க வருவது: தோல் தொழிற்சாலைகள் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரைக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே உப்பு மூட்டையின் இரு முனைகள். முதல் இடத்தில் உப்பு நேரத்துக்கு விழவில்லை. இரண்டாவது இடத்தில், விழுந்த உப்பு போக வழியில்லை. இது விளங்க வேண்டுமானால், உரித்த தோல் ஏன் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோலுக்குள் என்ன இருக்கிறது

ஆட்டின் உடலிலிருந்து அப்போதுதான் எடுத்த தோலைப் பச்சைத்தோல் என்கிறோம். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம், கொஞ்சம் கொழுப்பு. அந்தப் புரதத்தில் முக்கியமானது கொலாஜன். கயிறு திரித்ததுபோல மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு, அவை கட்டுகளாகி, கட்டுகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் அமைப்பு இது. செருப்பாகவும் பையாகவும் கையுறையாகவும் பின்னால் மாறப்போவது இந்தப் பின்னல்தான். மயிரும் மேல்தோலும் தொழிற்சாலையில் கழிந்துவிடும். உட்புறத்துச் சதையும் கொழுப்பும் அப்படியே.

மயிரை எடுத்த பிறகு தெரியும் மெல்லிய முகப்பைத் தொழிலில் ‘கிரெயின்’ என்பார்கள். தோலின் விலை அதில்தான் இருக்கிறது. உள்ளே பின்னல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கிரெயினில் சொரசொரப்போ புள்ளியோ விழுந்துவிட்டால் தரம் இறங்கிவிடும்.

முதல் சில மணி நேரம்

உயிரோடு இருக்கும்வரை தோல் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. உயிர் போனதும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. தோலின் செல்களில் உள்ள நொதிகள் அந்தச் செல்களையே கரைக்கத் தொடங்குகின்றன. சாணம், ரத்தம், தரை, கத்தி, கை எல்லாவற்றிலிருந்தும் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்குகின்றன. நம் ஊர் வெயிலில் அவற்றுக்கு ஈரமும் உணவும் சூடும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்துக்கும் மேலாகிவிடும்.

பாக்டீரியாவுக்குக் கொலாஜன் சுலபமான தீனி இல்லை. முறுக்கிய கயிற்றை அறுக்கத் தனி நொதி வேண்டும். அதனால் முதலில் மயிர்க்காலைச் சுற்றியுள்ள மென்மையான செல்களைத்தான் தின்னும். இதைக் கையால் சோதிக்கலாம். தோலின் வயிற்றுப் பக்கத்தில் நாலு மயிரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல தோலில் மயிர் வழுக்கிக்கொண்டு விரல் மட்டும் வரும். கெடத் தொடங்கிய தோலில் மயிர் வேரோடு கையில் வந்துவிடும், வலிந்து இழுக்க வேண்டிய அவசியமே இருக்காது. அந்த இடத்தில் கிரெயின் அரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். நாற்றம் மூக்குக்கு எட்டும் முன்பே இது நடந்துவிடும். ‘நாற்றம் வரவில்லையே, தோல் நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது இந்தத் தொழிலில் மிகப் பெரிய நஷ்டத்தை உண்டாக்கும் நினைப்பு.

ஆகவே கோடையில் உரித்த நாலைந்து மணி நேரத்துக்குள் தோல் உப்பைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பின் போடும் உப்பு, அழுகலை அந்த நிலையில் நிறுத்தும். போனதைத் திருப்பித் தராது.

உப்பு எப்படிக் காக்கிறது

கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் என்ன கணக்கோ அதே கணக்குதான் இங்கும். தோலின் சதைப் பக்கத்தில் உப்பைப் பரப்பினால், அது தோலிலிருந்து கசியும் நீரில் கரைந்து செறிவான உப்புநீராகிறது. அந்த உப்புநீர் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அதே நேரம் உப்பும் உள்ளே இறங்குகிறது. கடைசியில் தோலின் ஈரம் பாதிக்கும் கீழே வந்து, மிஞ்சிய தண்ணீரும் இனி உப்பு கரையாது என்ற நிலைக்கு வந்துவிடும். அந்த நீரைச் சாதாரண பாக்டீரியாவால் உறிஞ்ச முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, உப்பு எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. வளர விடாமல் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். மழையில் நனைந்தாலோ, உப்பு குறைவாக இருந்தாலோ கட்டு அவிழ்ந்துவிடும்.

அளவு என்ன? பச்சைத்தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம். 2 கிலோ ஆட்டுத் தோலுக்கு 800 கிராம் முதல் 1 கிலோ வரை. கேட்பவர்களுக்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் தோலுக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதையும் உப்பால் நிரப்ப வேண்டும் என்பதை நினைத்தால் இது அதிகம் இல்லை. ‘மேலே வெள்ளையாகத் தெரிகிற அளவு தூவினால் போதும்’ என்று நிறுத்திக்கொள்பவர்களால்தான் தோல் பாதி வழியில் அழுகுகிறது.

உப்புப் போடும் முறை

தோல் மண்டிகளில் கை பழகியவர்கள் யோசிக்காமல் செய்யும் வேலை இது. யோசித்துச் சொன்னால் இப்படி வரும்:

1. உரித்த தோலைச் சூட்டோடு குவிக்கக் கூடாது. நிழலில் ஒற்றையாக விரித்து உடல் சூடு ஆற விட வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் திணித்துக் கட்டுவது அதைவிட மோசம். உள்ளே வெந்துபோகும்.

2. ரத்தத்தையும் சாணத்தையும் கழுவித் தண்ணீரை வடிய விட வேண்டும். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் வழித்து எடுக்க வேண்டும். கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது.

3. சாய்வான சிமென்ட் தரையில் அல்லது மரப்பலகை மேல், மயிர்ப் பக்கம் கீழே, சதைப் பக்கம் மேலே இருக்கும்படி விரிக்க வேண்டும். சாய்வு இல்லாவிட்டால் வடிந்த நீர் அடித்தோலிலேயே தேங்கும்.

4. புது உப்பை நடுவில் கொட்டிக் கையால் ஓரம்வரை தேய்த்துப் பரப்ப வேண்டும். மாவுபோன்ற பொடியுப்பு உடனே கரைந்து நீரோடு ஓடிவிடும். பெரிய கல்லுப்பு தோலில் படாமல் இடைவெளி விடும், பள்ளமும் பதிக்கும். இரண்டுக்கும் நடுவே, ரவையைவிடக் கொஞ்சம் பெரிய பருவட்டுதான் நல்லது.

5. ஒரு தோலின் மேல் அடுத்த தோல் என்று அடுக்கலாம். அடுக்கு இடுப்புயரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு நாள் கழித்து அடுக்கைப் பிரித்து, மேலே இருந்தது கீழே போகும்படி மாற்றி, உப்புக் கரைந்த இடத்தில் மறுபடி போட வேண்டும்.

இதில் நாலாவது வேலையில்தான் கை தேர்ச்சி தெரியும். உப்பைத் தள்ளிக்கொண்டே போகும் கை, கால் தோல் பக்கம் வந்ததும் நிற்கும். உரிக்கும்போது சுருண்டு ஒட்டிய கால் தோலை நகத்தால் பிரித்து, மடிப்புக்குள் ஒரு பிடி உப்பைத் திணித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். கழுத்து மடிப்பிலும் அப்படியே. உப்புப் போட்ட தோல் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் கேடு தொடங்கியிருக்கும் இடம் ஏதாவது ஒரு மடிப்புதான்.

ஆட்டுத் தோலில் உப்பு ஓரிரு நாளில் ஊறிவிடும். கனமான மாட்டுத் தோலுக்கும் எருமைத் தோலுக்கும் வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உப்பேறிய தோல் குளிர்ச்சியான இடத்தில் பல மாதம் தாங்கும்.

உப்பையே விரும்பும் உயிர்

சரி, இவ்வளவும் செய்த பிறகு தோல் பத்திரமா? கோடையில் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. சில வாரங்கள் கழித்து அடுக்கைப் பிரித்தால் சதைப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் படலம் படர்ந்திருக்கும். தொழிலில் இதை ‘ரெட் ஹீட்’ என்கிறார்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்பாக மாறும். செறிவான உப்புநீரில் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அதில் முக்கியப் பங்கு. அவற்றுக்கு உப்பு குறைந்தால்தான் ஆபத்து. உப்பு காயும்போது பரலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. அந்த உப்பைத் தோலில் போட்டு, அடுக்கு 35 டிகிரிக்கு மேல் சூடானால், விழித்துக்கொண்டு தோலைத் தின்கின்றன. சிவப்பு தெரிந்ததாலேயே தோல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது முன்னெச்சரிக்கை. அப்படியே விட்டால் கிரெயின் தளர்ந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. ஒருமுறை தோலில் போட்டு உதறிய பழைய உப்பை மறுபடி தோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் இந்த உயிர்கள் பல மடங்கு பெருகியிருக்கும். உப்போடு போரிக் அமிலம் போன்ற தடுப்பு மருந்தைக் கொஞ்சம் கலக்கலாம். அடுக்கிய கொட்டகையில் காற்று ஓட வேண்டும், தகரக் கூரைக்கு அடியில் நேராக அடுக்கக் கூடாது. பழைய உப்பை மறுபடி போடுவதில் மிச்சமாகும் சில ரூபாய்க்காக முழு அடுக்கையும் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொரு கேடு இரும்பு. துருப்பிடித்த தகரம், ஆணி, இரும்பு டிரம் இவற்றில் ஈரத்தோல் பட்டால் கறை ஏறும். அந்தத் தோல் பின்னால் ஆவாரம்பட்டையிலோ கடுக்காயிலோ பதனிடப்போனால் கறை கருநீலமாக எழும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல் இது. எழுதிய மை அழியாததைப் போலவே இந்தக் கறையும் போகாது. மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் தட்டுதான் பாதுகாப்பு.

உலர்த்திய தோல்

மிருதங்கம், தவில், பறை போன்றவற்றுக்குப் போகும் தோல் தொழிற்சாலையில் பதனிட்டது கிடையாது, காய வைத்த பச்சைத்தோல்தான். அங்கே உப்புக்குப் பதில் காற்று வேலை செய்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் காய வைக்க வேண்டும். நேர் வெயில் ஆகாது. ஈரமான கொலாஜன் 60 டிகிரியைத் தாண்டும்போது சுருங்கி, பசைபோல இளகத் தொடங்கும். வெயிலில் மேற்பரப்பு அந்தச் சூட்டை நெருங்க, வெளியே ஓடுபோலக் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கி அழுகும். ஊற வைக்கும்போது அந்த இடம் கொப்புளமாகப் பிரிந்து வரும்.

காய்ந்த தோலுக்கு எதிரி பூச்சி. தோல் வண்டு என்ற சின்னக் கருவண்டு மடிப்பில் முட்டையிடும். மயிர் அடர்ந்த அதன் புழு தோலை ஓட்டை போட்டுவிடும். தரையில் படாமல் தூக்கி வைப்பது, மாதம் ஒருமுறை பிரித்துத் தட்டுவது, பழுப்பு நிறப் புழுச்சட்டை தென்பட்டால் அந்தத் தோலை உடனே தனியே எடுப்பது, இவ்வளவும் அவசியம்.

சில வீடுகளில் பரண்மேல் பழைய மான் தோலோ புலித்தோலோ இருக்கும். அதைப் பராமரிக்கும் யோசனைக்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அந்தக் காலத்தில் பாடம் செய்த தோலில் ஆர்சனிக் பூசியிருக்கவும் வாய்ப்புண்டு, வெறும் கையால் தொட வேண்டாம்.

கால்நடைத் தோலிலும் ஓர் எச்சரிக்கை. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசியும் மாடு ஆடுகளின் தோலை எக்காரணத்தாலும் உரிக்கக் கூடாது. அது அடைப்பான் நோயாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். அந்தக் கிருமியின் வித்துகளை உப்பும் வெயிலும் ஒன்றும் செய்யாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பக்ரீத் தோல் ஏன் விலை போவதில்லை

இப்போது முதல் செய்திக்கு வரலாம். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன:

1. ஆண்டு முழுக்கப் பிரிந்து வரும் சரக்கு, இரண்டு மூன்று நாளில் ஒரே மூச்சில் வருகிறது. மண்டியில் உப்புப் போடும் கைகள் அத்தனை இல்லை.

2. தினமும் உரிப்பவர் கத்தியைத் தொடக்கக் கீறலுக்கு மட்டும் வைத்து, மீதியை மடக்கிய கையால் குத்தி உரிப்பார். அன்றைக்கு மட்டும் உரிப்பவர் கத்தியாலேயே உரிப்பார். சதைப் பக்கத்தில் கீறல் விழும். நடுமுதுகில் ஒரு துளை விழுந்தால், பெரிய துண்டாக வெட்ட வேண்டிய தோல் சிறு துண்டுகளுக்குத்தான் ஆகும்.

3. காலையில் உரித்த தோல் வாசலில் கிடந்து, பள்ளிவாசலுக்குப் போய், அங்கிருந்து வண்டியேறி மண்டியை அடையும்போது பொழுது சாய்ந்துவிடும். முதல் நாலைந்து மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

4. நாளும் வெயிலுக்குள் வந்துவிட்டது. 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகரும் கணக்குப்படி 2027-லும் 2028-லும் பக்ரீத் மே மாதத்தில், அக்னி நட்சத்திரக் காலத்தில் வரும்.

5. செயற்கைத் தோலின் வரவால் நல்ல ஆட்டுத் தோலுக்கே பழைய விலை இல்லை. தரம் இறங்கிய தோலுக்கு உப்பு, ஆள்கூலி, வண்டி வாடகை மூன்றையும் போட்டால் விலையைத் தாண்டிவிடும். வாங்குபவர் கை விரிப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் காரணமும் நாலாவதும் ஐந்தாவதும் நம் கையில் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் கேடு தொடங்கும் வாசலிலேயே தடுக்கக் கூடியவை. அறுத்தவருக்குக் கூலியாகக்கூடக் கொடுக்கக் கூடாது என்று மார்க்கம் தனியே எடுத்து வைத்த பொருள் இந்தத் தோல். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போக வேண்டிய காசு, ஒரு கிலோ உப்பு நேரத்துக்குக் கிடைக்காமல் குழிக்குள் போவது மனதுக்குப் பொறுக்கவில்லை.

அந்த உப்பு எங்கே போகிறது

இனி மறுமுனை. ஓர் ஆட்டுத் தோலுக்கு ஒரு கிலோ வரை உப்பு என்று பார்த்தோம். ஆயிரம் தோலுக்கு ஏறத்தாழ ஒரு டன். கொஞ்சம் மண்டித் தரையிலேயே நீராக வடிகிறது. மீதி தோலோடு தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே முதல் வேலை ஊற வைப்பது. தோலைப் பழைய பச்சை நிலைக்குக் கொண்டுவர, உள்ளே ஏற்றிய உப்பு முழுவதையும் தண்ணீரில் இறக்கியாக வேண்டும்.

நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆலைக் கழிவுநீருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 2100. தோல் ஊறிய முதல் நீரில் இது 20,000-ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

மற்ற கழிவுகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரத்தம், சதை, சாணம் இவற்றைப் பாக்டீரியா விட்டுச் சிதைக்கலாம். தோல் பதனிடப் போடும் குரோமியத்தைப் படிய வைத்துப் பிரிக்கலாம். கரைந்த சமையல் உப்பை இவை எதுவும் தொடாது. சவ்வூடு வடிகட்டி, பிறகு கொதிக்க வைத்து ஆவியாக்கினால்தான் உப்பு தனியாகும். மின்சாரச் செலவு பெரிது. கடைசியில் கிடைப்பதோ வேறு உப்புகளும் அழுக்கும் கலந்த ஒன்று, வாங்க ஆள் கிடையாது. மூட்டைகளாகக் கொட்டகையில் கிடக்கிறது.

இந்தச் செலவுக்குத் தப்பிய நீர் நிலத்தில் இறங்கியதால்தான் பாலாற்றுக் கிணறுகள் போயின. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணில் இறங்கிய உப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

உப்பைக் குறைக்க வழி உண்டா

உண்டு. 1948-இல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வகங்களும் பல வழிகளைச் சோதித்திருக்கின்றன.

குளிரூட்டல்தான் மிகச் சுத்தமானது. 4 டிகிரியில் வைத்தால் உப்பே இல்லாமல் சில நாள் தாங்கும். ஆனால் தமிழகத் தொழிற்சாலைகளுக்குத் தோல் வட மாநிலங்களிலிருந்தும் லாரியில் வருகிறது. அவ்வளவு தூரத்துக்குக் குளிர்சாதன வண்டி கட்டுபடியாகாது. அறுக்கும் இடமும் ஆலையும் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

உப்பைப் பாதியாகக் குறைத்து, போரிக் அமிலம் போன்ற தடுப்பு மருந்தைச் சேர்ப்பது இரண்டாவது வழி. ஓரிரு வாரத்தில் ஆலைக்குப் போய்விடும் சரக்குக்கு இது போதும். சமையல் உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் கழிவுநீர் பயிருக்குச் சத்தாகும், ஆனால் விலை இடிக்கிறது.

இன்றைக்கே எல்லோராலும் செய்ய முடிந்தது, ஊற வைக்கும் முன் உப்பை உதறுவது. மரச்சட்டத்தில் தோலை ஓங்கித் தட்டினால் ஒட்டியிருக்கும் உப்பு பொலபொலவென்று உதிரும். உதிர்ந்தது இன்னும் நீரில் கரைந்திராத உப்பு, கூட்டி அள்ளிவிடலாம். ஒரு தோலுக்குச் சில நொடி வேலை. ஆவியாக்கும் செலவில் அது மிச்சமாக்குவதோடு ஒப்பிட்டால், இதைத் தவிர்க்கும் ஆலைக்குச் சொல்ல நியாயம் எதுவும் இல்லை.

பண்டிகைக்கு முன் ஜமாத் செய்யக் கூடியது

ஐம்பது தோல் வரும் என்று கணக்கிட்டால் 50 கிலோ புது உப்பு ஒரு மூட்டை முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். பள்ளிவாசல் வளாகத்தில் நிழலான, சாய்வான சிமென்ட் தரை ஒன்றைக் கழுவி, வடியும் உப்புநீர் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகாமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தாழ்ந்த பக்கத்தில் வைக்க வேண்டும். மண்டியில் உப்புப் போட்டுப் பழகிய ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, இளைஞர்கள் நாலு பேரை அவரோடு விட வேண்டும். தோல் கொண்டு வருபவர்களிடம் சாக்கில் கட்டாமல் விரித்துக் கொண்டு வரச் சொல்ல வேண்டும். தொழுகை முடிந்து ஒன்பது மணிக்கு உரித்த தோல், நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லும்போது உப்புக்குள் இருந்துவிட்டால், மண்டி வண்டி மறுநாள் வந்தாலும் அதன் மயிர் கையோடு வராது.